யானைக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவே

என் மனைவியின் பிறந்த வீடு ஒன்றாக இருப்பதும் இரண்டாக உடைவதும் என் நாக்கில்தான் இருக்கிறது என்று, கல்யாணமான புதிதில் நான் மனதார நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம். மாமியார் வீட்டுக் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு நம்பினேன்.

என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. என் பிழைப்பு அப்படி. தேனியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு தகரக் கொட்டகையில், பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். கிரயம், தானம், அடமானம் எல்லாம் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது பாகப் பிரிவினை. அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இருவருக்கும் பொதுவாக நடுவில் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு, வடக்கே யாருடைய நிலம், கிழக்கே யாருடைய வாய்க்கால் என்று கேட்டு எழுதுவேன். இந்த வேலையில் சில வருடம் ஊறியவனுக்கு, இரண்டு சகோதரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், நான்கு எல்லையும் தானாகக் கண்முன் வந்துவிடும்.

எனக்கிருந்த இன்னொரு வியாதி கூடைப்பந்து. எங்கள் மாவட்டத்தில் இது தொற்று நோய். கோடை வந்தால் மைதானத்தில் விளக்குப் போட்டு வெளியூர் அணிகள் வந்து ஆடும். நெல் வியாபாரி முதல் நெஞ்சு டாக்டர் வரை படிக்கட்டில் உட்கார்ந்து ரெஃபரியைத் திட்டுவார்கள். கேபிள் வந்த பிறகு அமெரிக்கக்காரர்களின் ஆட்டமும் வந்தது. அவர்கள் ராத்திரி ஆடுவது நமக்கு விடிந்த பிறகு தெரியும். வைகாசி பிறந்தால் அவர்களுக்குக் கோப்பைக்கான ப்ளேஆஃப் ஆட்டங்கள், நமக்கு முகூர்த்தம். இரண்டும் ஒன்றாக வந்ததுதான் என் ஜாதகத்தில் இருந்த கோளாறு.

பெண் பார்க்கப் போன அன்றே பெரிய மச்சான் என்னிடம் சம்பளம் கேட்கவில்லை. "மாப்ள பந்து பாப்பீகளா?" என்றுதான் கேட்டார். பார்ப்பேன் என்றேன். அவர் தம்பி, சின்ன மச்சான், கதவோரம் நின்றவர், உடனே உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த நிமிடமே சம்பந்தம் முடிந்துவிட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள். தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குக் கம்பத்துக்குப் பஸ் ஏறினோம். சின்னமனூர் தாண்டியதும் அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"எங்க வீட்டுல என்னத்தக் கேட்டாலும் பாத்துச் சொல்லுங்க."

"ஏன்?"

"எங்க வழக்கம் அப்பிடி. மறுவீட்டு இலையில உக்காந்து மாப்ள ஒண்ணு சொல்லிட்டா அதுதேன் முடிவு. பொண்ணு வீட்டுக்காரக எதுத்துப் பேசக் கூடாது. எங்க சித்தப்பா மறுவீட்டுல, 'இந்த மாடு வேணாம், வித்துருங்க'ன்னு வெளையாட்டுக்குச் சொன்னாக. அன்னிக்கே வித்துட்டாக."

"எங்கிட்ட என்ன கேக்கப் போறாங்க?"

"அண்ணனுக ரெண்டு பேருக்கும் இப்பப் பேச்சுவார்த்தை இல்ல. போயிப் பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கல்யாணக் களைப்பு அவளுக்கு. எனக்கு அதன் பிறகு பஸ்ஸில் தூக்கம் என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் தொழில் கண் வேலையைத் தொடங்கிவிட்டது. நடுவில் ஒரு கூடம். இடது அறையில் பெரிய மச்சான், வலது அறையில் சின்ன மச்சான். இரண்டு அறையிலும் ஆளுக்கொரு டிவி. மாமனார் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமியார் கூடத்தில் இருந்தார். சாப்பிடும்போது பெரிய மச்சான், "ஆத்தா, அந்த ரசத்த இங்கிட்டுத் தள்ளச் சொல்லு" என்றார். ரசம் சின்ன மச்சானின் கைக்கருகே இருந்தது. சின்ன மச்சான், "ஆத்தா, எந்திரிச்சு எடுத்துக்கிறச் சொல்லு" என்றார். மாமியார் இரண்டையும் கேட்டுவிட்டு, ரசத்தைத் தூக்கி என் இலையில் ஊற்றினார்.

சாயங்காலம் சின்ன மச்சான் திராட்சைத் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப் போனார். பந்தல் தாழ்வு. நான் வளர்த்தி. முதுகை வளைத்துக்கொண்டே போனேன். தலையை நிமிர்த்தினால் கம்பியும் காயும் முகத்தில் அடித்தன. அந்தக் குனிந்த நிலையில்தான் தரையில் நட்டிருந்த கற்களைப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்ட் அடித்த கற்கள், தோட்டத்தின் நடுவே, நேர்க்கோட்டில். ஒரே கிணறு; மோட்டார் ரூம் இரண்டு. அளந்தாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

சின்ன மச்சான் பந்தலுக்கடியில் குந்தினார். கனத்த உடம்பு, வியர்த்திருந்தது.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க. அந்த மஞ்சச் சட்டை யானை இல்லாட்டி அந்த டீமு என்னாகும்? கூடைக்கு அடியில அவன் நின்டுட்டா மூணு பேரு முட்டியும் நகத்த முடியல. பந்து அவன் கைக்கு வந்துருச்சுன்னா முடிஞ்சுச்சு. எங்கண்ணன் அத ஒத்துக்கிற மாட்டேங்குறாரு."

யானை என்பது இறுதிச் சுற்றில் ஆடிய ஒரு மலைபோன்ற ஆட்டக்காரர். எதிரணியில் ஒரு குள்ளர். குள்ளர் என்றால் நம் ஊர்க் கணக்கில் நெட்டைதான். தாவித் தாவி எறிவார், விழுவார், எழுவார். அவருக்கு இந்த வீட்டில் வெட்டுக்கிளி என்று பெயர். எனக்கு இருவரையும் தெரியும், இருவரையும் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் என் காதில் பந்து விழவில்லை. அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்பது மட்டுமே விழுந்தது. சொத்துக்காரர்கள் நேராகச் சொத்தைப் பேச மாட்டார்கள். வேறெதையாவது சாக்காக வைத்துத்தான் தொடங்குவார்கள். முருங்கை மரத்தில் தொடங்கி நான்கு ஏக்கரில் முடிந்த பத்திரத்தை நானே எழுதியிருக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றேன்.

"நாளைக்கு மத்தியானம் இலையில உக்காந்து சொல்லுங்க. அதுக்கு மேல அப்பீல் இல்ல."

மறுநாள் காலை இரண்டு அறையிலும் ஒரே ஆட்டம், ஒரே சத்தம், கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு டிவியைக்கூடப் பொதுவில் வைக்க முடியாத அளவுக்கு முற்றிவிட்டதே என்று என் மனம் அடித்துக்கொண்டது. நான் எந்த அறைக்குப் போவது? இடது அறைக்குப் போனால் கட்சி மாறியவன், வலதுக்குப் போனால் விலைபோனவன். கூடத்தில் மாமியாரோடு உட்கார்ந்து பூண்டு உரித்தேன். புது மாப்பிள்ளை பூண்டு உரிக்கக் கூடாதென்று அவர் பிடுங்க, நான் விடாமல் உரித்தேன்.

"வெட்டுக்கிளி! அப்பிடிப் போடு!" என்று இடதுபக்கம் கத்தியது.

"எறியிறது பூராம் வெளிய போகுது, இதுல கத்தல் வேற!" என்று வலதுபக்கம் கத்தியது.

"யானைக்கு ஃப்ரீ த்ரோ போடத் தெரியுமான்னு கேளு ஆத்தா! சும்மா நிக்கவச்சு எறியச் சொன்னாலும் பலகையத்தேன் ஒடைப்பான்!"

"குட்டையாப் பொறந்தவன் மேலல்லாம் பாவப்பட்டுப் பட்டம் குடுக்க முடியாதுன்னு சொல்லு ஆத்தா!"

மாமியார் பூண்டைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "மாப்ள, நீங்கதேன் ஒரு வழி பண்ணணும். ஒரே வீட்டுக்குள்ள எத்தன நாளைக்கு நான் இப்பிடிக் கெடக்கறது? எனக்குக் காதே போச்சு."

பூண்டுக் காரத்துக்கும் கண்ணில் நீர் வரும் என்ற சாதாரண உண்மை எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் தப்பிக்க முடிவு செய்தேன். தேனியில் அவசரமாக ஒரு பதிவு இருப்பதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். என் செருப்பு இல்லை. பெரிய மச்சான் ஈர்க்குச்சி உடம்பும் பெரிய சிரிப்புமாக வந்து நின்றார்.

"செருப்பு பத்தரமா இருக்கு மாப்ள. தீர்ப்பச் சொல்லிட்டு வாங்கிக்கிருங்க. அவன் நேத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயி உங்க மனச மாத்துனது எனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்ல மச்சான்."

"இல்லேன்னா நல்லது. ஒண்ணு மட்டும் நெனச்சுக்கிருங்க. தடி தடியா அஞ்சு பேரு சுத்தி நிக்கையில ஒத்தையாளு எறியிறான் பாருங்க, அவன் ஆட்டக்காரன். கூடைக்கு அடியில போயி நிக்கிறதுக்கு எங்க தோட்டத்துக் கல்லுத்தூணு போதும்."

தோட்டம், கல் என்ற சொற்களைக் கேட்டதும் பின்பக்கமாகத் திரும்பினேன். வயிறு சரியில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. கொல்லைப்பக்கம் போய்க் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே நின்று, என் மனைவியின் எதிர்காலத்தைக் கணக்கிட்டேன். யானை என்று சொன்னால் தம்பி பக்கம் சாய்ந்தவன் ஆவேன். அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதிக்க முடியாது. வெட்டுக்கிளி என்றால் தம்பி வீடு போயிற்று. ஒரே தங்கை. தீபாவளிச் சீர் எந்த வாசலிலிருந்து வரும்? மாமியார் எந்த அறையில் இருப்பார்? இதற்குள் மனதில் ஒரு பத்திரம் ஓடிக்கொண்டிருந்தது: முதல் நபர் அண்ணன், இரண்டாம் நபர் தம்பி, வெட்டுக்கிளிக்குத் தெற்கு, யானைக்கு வடக்கு.

"மாப்ள, தண்ணி வருதா?" பெரிய மச்சானின் குரல், வெளியே.

"வருது மச்சான்."

"ஆத்தா, அங்கனயே நின்டு மாப்ளைக்குத் தொல்ல குடுக்க வேணாம்னு சொல்லு" என்றது சின்ன மச்சானின் குரல், அதே தூரத்தில்.

இருவரும் வாசலில் காவல் நிற்கிறார்கள். காற்றுக்காக விட்டிருந்த சின்ன ஓட்டை வழியாக வெளியே போக முடியுமா என்று நிஜமாகவே பார்த்தேன். ஒரு கை போகும். யானை தலைக்குமேல் பந்தைப் பிடிப்பதுபோல என் கை மட்டும் வெளியே நீண்டு நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். அத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டேன்.

மத்தியானம் இலை போட்டார்கள். ஆட்டுக்கறி, கோழி, முட்டை, மீன். ஒரு மிருகக்காட்சி சாலையையே என் முன் பரப்பியிருந்தார்கள். என் இடது பக்கம் ஒரு மச்சான், வலது பக்கம் ஒரு மச்சான். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று ஏதோ சைகை காட்டினாள். கையை உயர்த்திக் காதைப் பொத்தினாள். பேசாதே என்கிறாளா, கேட்காதே என்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. முந்தின நாளிலிருந்து அவளை ஒரு நிமிடமும் தனியாகப் பார்க்க முடியவில்லை. சமையல்கட்டை விட்டு அவளை வெளியே விடவில்லை; ராத்திரியும் மாமியாரோடு படுத்துவிட்டாள்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் பெரிய மச்சான். "கோப்பைய எவன் வேணா எடுக்கட்டும். ஆட்டக்காரன் யாரு?"

"வாயில இருக்கிறத முழுங்கிட்டுச் சொல்லுங்க" என்றார் சின்ன மச்சான், கருணையோடு.

நான் முழுங்கினேன். பிறகு என் வாய், என் அனுமதி இல்லாமல், தினமும் செய்யும் வேலையைச் செய்தது.

"ரெண்டு பேருக்கும் சரிபாதி" என்றேன். "ஆட்டத்துல முதல் பாதி வெட்டுக்கிளிக்கு. பின் பாதி யானைக்கு. ஒருத்தர் பாதியில இன்னொருத்தர் வாயத் தொறக்கக் கூடாது. பலகையில பட்டுத் திரும்புற ரீபவுண்டு பொதுவுல இருக்கட்டும்."

பெரிய மச்சான் தம்பியைப் பார்த்தார். ஊடே ஆத்தாவை வைக்காமல், நேராகப் பேசினார்.

"ஏலே, இவுகளுக்குப் பந்து தெரியும்னு சொன்னது யாரு?"

"நீங்கதேண்ணே பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கேட்டீக. பாப்பேன்னாக."

"பாப்பேன்னுதேன் சொன்னாக. தெரியும்னு சொல்லல."

"ரீபவுண்டு பொதுவுலயாம்ணே!"

இருவரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்துப் புரையேற, தம்பி தலையில் தட்டிவிட்டார். என் இலைக்கு அடுத்த துண்டு கறியை யாரும் வைக்கவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அதுவே முதல் முறை.

சாப்பிட்டு எழுந்து கை கழுவும் இடத்தில்தான் மனைவி கிடைத்தாள். "தோட்டத்தப் பிரிக்கும்போது உன் பங்கு என்ன ஆகும்?" என்று குசுகுசுத்தேன்.

அவள் தண்ணீர்ச் செம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்தத் தோட்டத்த?"

"திராட்சைத் தோட்டம். கல்லு நட்டு அளந்திருக்கே. அதுக்காகத்தானே அண்ணன் தம்பி பேசிக்கிறதில்ல?"

"அது எங்கய்யா இருக்கையிலயே பிரிச்சாச்சுங்க. நான் அப்ப ஒம்பதாவது படிக்கிறேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டேதேன் கையெழுத்துப் போட்டாக. இவுக பேசாம இருக்கறது இந்த ஆட்டத்துக்குத்தேன். வருசா வருசம் வைகாசியில இப்பிடித்தேன். டிவிச் சத்தந்தேன் ஆத்தாவுக்குத் தாங்கல. அதத்தேன் காதப் பொத்திக் காட்டுனேன்."

அடுத்த ஆட்டம் வந்த காலையில் அண்ணனும் தம்பியும் இடது அறையில் ஒரே டிவியில் பார்த்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.