ஜெயமலர் கேட்ட கதிரை

ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் நெடுங்காலம் இருக்கும் தமிழர் யாரிடமாவது ஜெயமலரைத் தெரியுமா என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். "அன்புராசாவின்ர கடையில ரண்டாவது காஷில நிண்ட அக்கா" என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். அவருடைய ஊர் தெரியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். நாங்கள் மேசையில் வைக்கிற சாமான்களைப் பார்த்தே வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடுவார். "முருங்கைக்காய் எடுத்தனீங்கள், இறாலை மறந்திட்டியளே?" என்பார். மறந்துதான் இருப்போம். வரிசையை விட்டு ஓடிப்போய் இறால் எடுத்து வருவோம். பின்னால் நிற்பவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாளைக்கு அவர்களும் எதையாவது மறப்பார்கள்.

அந்தக் கடை இப்போது வேறொருவரின் கையில் இருக்கிறது. நாங்களே பில் போட்டுக்கொள்கிற மெசின்கள் ஆறு நிற்கின்றன. வேலை கெதியாக, ஒரு நிமிடத்தில் முடிகிறது. ஆனாலும் முருங்கைக்காய் வாங்கும்போதெல்லாம் எனக்கு ஜெயமலரின் நினைவு வருகிறது.

ஜெயமலர் 1989இல் கனடாவுக்கு வந்தார். கணவர் சிவகுருவுக்கு ரொறன்ரோ நகரத்துக்குள் ஹோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை. ஜெயமலருக்கு ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காருக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து ரேப் சுற்றி, கார் செய்கிற ஒஷாவாவுக்கு அனுப்புகிற தொழிற்சாலை. நூற்று எண்பது பேரில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவரைப் பொறுத்தவரை கனடா என்றால் முதலில் அந்த இடம்தான். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் போத்துக்கல் பாண், ஒரு பக்கம் ஜமேக்காக் கோழி, நடுவில் இவருடைய புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். பாஷை தெரியாமலே பத்தொன்பது வருடம் எல்லோரும் ஒருவருக்கொருவர் பிள்ளைப்பேறும் மாமியார் சண்டையும் சொல்லிச் சிரித்தார்கள்.

வேலைக்குப் போன முதல் நாள், ஒவ்வொரு பெண்ணுக்கும் உயரமான ஒரு முக்காலி இருப்பதைப் பார்த்து ஜெயமலர் தயங்கி நின்றார். பக்கத்துப் பலகையில் வேலை செய்த றெபேக்கா மன்னார்ப் பக்கத்துக்காரி. இரண்டு வருடம் முந்தி வந்தவர்.

"என்ன பாக்கிறீர்? இரும்" என்றார் றெபேக்கா.

"இருக்க விடுவினமே?"

"உது சும்மா வந்த கதிரை இல்லை. எங்களுக்கு முதல் இருந்த இத்தாலிக்காரியளும் போத்துக்கல்காரியளும் பனிக்குள்ள பதினொரு கிழமை ஸ்ரைக் பண்ணி வெளியில நிண்டு வாங்கினது. அவையள் நிண்டபடியாத்தான் நீர் இருக்கிறீர்."

ஜெயமலர் அன்று இருந்தார். பிறகு அதைப்பற்றி யோசிக்கவில்லை. காற்று மாதிரி, தண்ணீர் மாதிரி, அது அங்கே இருந்தது. 2008இல் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். வேலை வேறு நாட்டுக்குப் போனது. கடைசி நாள் பெண்கள் எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணித்தியாலம் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அவரவர் பக்கம் பிரிந்து போனார்கள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்புராசாவின் கடையில் ஜெயமலர் காஷியராகச் சேர்ந்தார். அன்புராசா கெட்டவர் அல்லர். விடிய நாலு மணிக்கு மீன் எடுக்கப் போவார், தானே மூட்டை சுமப்பார், செத்தவீட்டுக்காரருக்கு வாழையிலையைச் சும்மா கொடுப்பார். ஜெயமலரை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் காஷில் நிற்பவர்கள் நிற்கத்தான் வேண்டும் என்பது அவருடைய கடையில் எழுதாத சட்டம்.

பன்னிரண்டு வருடம் நின்றதில் ஜெயமலரின் கால்கள் கெட்டுவிட்டன. நரம்புகள் பச்சைக் கயிறு மாதிரிப் புடைத்து எழுந்தன. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் கொதிக்கும். டொக்ரர் இறுக்கமான காலுறையைக் கொடுத்துவிட்டு, நின்று செய்யும் வேலையைக் குறைக்கச் சொன்னார்.

மகள் மயூரிக்குக் கோபம். "அம்மா, ஜஸ்ற் குவிற். உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?"

"எனக்கு அந்தச் சனம் வேணும் பிள்ளை. வீட்டில இருந்தா ஆரோட கதைக்கிறது?"

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள், ஆட்கள் குறைந்த நேரம், ஜெயமலர் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். ஐந்து நிமிடம் இருந்திருக்கமாட்டார். அன்புராசா வந்துவிட்டார்.

"என்னக்கா உப்பிடி இருக்கிறியள்? வாற சனம் என்ன நினைக்கும்?"

"தம்பி, கால் ஏலாமக் கிடக்கு. ஒரு கதிரை போட்டுத் தாங்கோவன். இருந்துகொண்டும் பில் போடலாம்தானே?"

"வாடிக்கையாளர் நிக்க நாங்கள் இருக்கிறது மரியாதை இல்லையக்கா. வேணுமெண்டா ரண்டு நாள் லீவு எடுங்கோ." சொல்லிவிட்டுப் பால் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

இதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வசுமதி. மதுரைக்காரர், கணினி வேலை. கடைக்கு வந்தால் கறிவேப்பிலைக்கும் அப்பளத்துக்கும் நடுவில் ஜெயமலரோடு பத்து நிமிடம் பேசாமல் போகமாட்டார். ஜெயமலர் "கதிரை" என்பதும் அவர் "நாற்காலி" என்பதுமாக அன்று இருவரும் முதல் முறை அதைப்பற்றிப் பேசினார்கள்.

"அக்கா, எங்கம்மா மதுரையில ஜவுளிக்கடையில முப்பது வருஷம் நின்னாங்க" என்றார் வசுமதி. "ஒரு சுவத்துல கூடச் சாய விட மாட்டாங்க. இப்பத்தான், போன வருஷம், கடையில வேலை பாக்கிறவங்களுக்கு நாற்காலி போடணும்னு தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு. அதைப் பாக்க அம்மா உயிரோட இல்ல."

வசுமதி அன்புராசாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த கிழமை இரண்டாவது காஷில் ஒரு கதிரை வந்துவிட்டது. மெத்தை வைத்த நல்ல கதிரை. ஜெயமலருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கூடவே ஒரு சொல்லும் வந்தது. "ஆக்கள் இல்லாத நேரம் இருங்கோ அக்கா."

அந்தக் கடையில் ஆட்கள் இல்லாத நேரம் ஏது? அவர் இருந்தால் போதும், மேலே கமராவில் பார்த்துவிட்டு அலுவலகத்திலிருந்து போன் அடிக்கும். "அக்கா, சனம் நிக்குது." எழும்புவார். இரண்டு மாதம் கதிரை அவருக்குப் பின்னால் புதுசாகவே இருந்தது. சனம் தங்கள் பைகளை அதில் வைத்துப் போகத் தொடங்கியது.

வசுமதி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிறகுதான் கோபப்பட்டார்.

"இது பழைய தந்திரம் அக்கா. எம் பொண்ணு அபர்ணா காலேஜ்ல அமெரிக்க வரலாறு படிக்கிறா, அவ சொன்னா. நூத்து முப்பது வருஷம் முன்னாடி நியூயார்க்ல பெரிய பெரிய கடைங்க. விக்கிற பொண்ணுங்க காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கணும். நாற்காலி போடணும்னு சட்டம் வந்துச்சு, போட்டாங்க. ஆனா உக்காந்தா திட்டு, அபராதம். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? சாமான் வாங்கற பொம்பளைங்க சங்கம் சேந்தாங்க. எந்தக் கடை வேலைக்காரங்கள ஒழுங்கா நடத்துதோ அந்தக் கடைப் பேரை மட்டும் பட்டியல் போட்டு, அங்கதான் வாங்குவோம்னு நின்னாங்க."

ஜெயமலர் அன்று பின்னேரமே றெபேக்காவுக்குப் போன் எடுத்தார். தொழிற்சாலை பூட்டிய பிறகும் இருவரும் நாள் தவறாமல் கதைப்பார்கள். நியூயோர்க் கதையை ஒன்றும் விடாமல் சொன்னார்.

"அங்க, தொழிற்சாலையில, எங்களுக்கு யூனியன் இருந்தது" என்றார் றெபேக்கா. "இஞ்ச உமக்குச் சனம்தான் யூனியன். ஆனா ஒண்டு, முதல்ல நீர் இருக்கவேணும். நீர் இருக்காமல் மற்றவை உமக்காக இருக்கேலாது."

ஜெயமலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மூன்று நாள் றெபேக்காவோடு கதைக்கவுமில்லை. பயம் ஒரு பக்கம். தனக்காக ஆட்களைத் திரட்டுகிற வெட்கம் ஒரு பக்கம். நாலாவது நாள் அவரே போன் எடுத்து, "சரி, பொங்கலுக்கு முதல் நாள் இருக்கிறன்" என்றார். றெபேக்கா கோயில்காரரையும் சேர்ச்காரரையும் கூப்பிட்டார். வசுமதி தன்னுடைய வட்சப் குழுவில் எழுதினார். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

2023 ஜனவரி பதினாலாம் தேதி, சனிக்கிழமை. கரும்பும் மஞ்சள் செடியும் புதுப்பானையும் வாசல்வரை குவிந்து கிடந்தன. எனக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் தெரியாது. மனைவி எழுதித் தந்த துண்டோடு போய், ஜெயமலரின் வரிசையில் ஏழாவது ஆளாக மரவள்ளிக்கிழங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெயமலர் கதிரையில் இருந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. "தம்பி, நான் இருந்துகொண்டுதான் போடுறன். வேணுமெண்டா வந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்புராசா வேகமாக வந்தார். "அக்கா, இண்டைக்கு எவ்வளவு சனம்! எழும்புங்கோ."

ஜெயமலர் எழும்பிவிட்டார். பன்னிரண்டு வருடப் பழக்கம். கால்கள் தாமாகவே எழும்பின என்று பிறகு அவர் எனக்குச் சொன்னார். அந்த ஒரு கணம் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாராம்.

முன்னால் நின்ற அம்மா மேசையில் வைத்த அரிசிப் பையைத் திரும்பத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். "அவ இருக்கட்டும். இருந்தாப் பிறகு வைக்கிறன்."

"அம்மா, லைன் நீளுது..."

"நீளட்டும். எனக்கென்ன அவசரம்?"

அடுத்து நின்றவர் தன் கூடையைக் கீழே வைத்தார். அடுத்தவரும். மற்ற மூன்று காஷிலும் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று இந்த வரிசைக்கு வந்தார்கள். வரிசை மரக்கறியைத் தாண்டி மீன் பக்கம்வரை போனது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது, பொய் சொல்லக்கூடாது. பானை வாங்கவேணும், வெளியே பனி கொட்டுகிறது. ஆனால் ஜெயமலரின் முகத்தைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கிழங்கைக் கூடைக்குள் போட்டுவிட்டு நின்றேன்.

"அன்ரி, இருங்கோ" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பிறகு பலபேர் சொன்னார்கள். சத்தமாக அல்ல. வீட்டுக்கு வந்த ஆளுக்குச் சொல்வது போலத்தான்.

ஜெயமலர் இருந்தார். அரிசிப் பை மேசைக்கு வந்தது. கடையே சிரித்தது. ஆட்கள் இல்லாமல் சும்மா நின்ற தவமணி, மூன்றாவது காஷ்காரி, ஒரு பால் பெட்டியை இழுத்துக் கவிழ்த்து இருந்துவிட்டார்.

அன்புராசா திரும்பி உள்ளே போனார். கோபத்தில் கடையைப் பூட்டப்போகிறாரோ என்று பயந்தோம். கொஞ்சநேரத்தில், தன்னுடைய அலுவலகத்துச் சில்லுக் கதிரையை மரக்கறிக்கு நடுவால் உருட்டிக்கொண்டு வந்தார். சிவந்த முகத்தோடு அதைத் தவமணிக்குப் பின்னால் விட்டார். "பெட்டியில இருந்து விழுந்து கிழுந்து போகாதை" என்றார்.

அத்தோடு எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு மாதம் அவர் ஜெயமலரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கிழமைக்கு ஐந்து நாளாக இருந்த அவருடைய வேலையை மூன்று நாளாகக் குறைத்தார். ஆனால் மற்ற நாட்களில் போகிறவர்கள் எல்லாம் "அக்கா எங்க?" என்று கேட்டுக் கேட்டு அன்புராசாவைக் களைக்கப் பண்ணிவிட்டார்கள். மாசியில் ஐந்து நாளும் திரும்பி வந்தது. அதற்குள் நாலு காஷிலும் கதிரை இருந்தது.

ஒருநாள் கடை பூட்டும் நேரம் அன்புராசாவே வந்து பேச்சைத் தொடங்கினாராம். "அக்கா, நான் வந்த புதுசில கிரேக்கன்ர ஹோட்டலில பதினாலு மணித்தியாலம் நிண்டு கோப்பை கழுவினனான். இருக்கிறது சாப்பிட வாறவைக்கு மட்டும்தான் எண்டு அவன் சொல்லுவான். நானும் அதைத்தான் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறன்." ஜெயமலர் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். "தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்" என்றார்.

போன வருடம் அன்புராசா கடையை விற்றுவிட்டு ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் புதுவீட்டுக்குப் போனார். ஜெயமலரும் வேலையை விட்டார். கால் நரம்புக்குச் செய்த சிகிச்சை நன்றாக அமைந்தது. இப்போது பின்னேரங்களில் சிவகுருவோடு ஏரிக்கரையில் நடக்கிறார். றெபேக்கா ஒஷாவாவில் மகனோடு இருக்கிறார். வசுமதி எப்போதாவது வாழைப்பூவோடு வந்து, அதை ஆய்ந்து தரும்படி கெஞ்சுவார்.

இந்த வைகாசியில் அன்புராசாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன். ஜெயமலர் ஆட்டுக்கால் சூப்போடு பார்க்கப் போனார். கார் ஓட்டியது நான். பெரிய வீடு. தெருவில் ஒரு மனிதரும் இல்லை. ஒரு பைக்கற் பால் வாங்குவதற்கும் காரில் போகவேண்டும். அன்புராசா ஜன்னல் ஓரம் காலை நீட்டிக்கொண்டிருந்தார். இருவரும் இரண்டு மணித்தியாலம் கடையைப் பற்றியே கதைத்தார்கள். பனிக்காலத்தில் மீன் லொறி பிந்திய விடியற்காலைகள், மின்சாரம் நின்றபோது ஐஸ்கிறீமை எல்லாம் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட நாள், மாம்பழப் பெட்டிகள் வந்து இறங்கினால் கடை இருந்த பிளாசா முழுவதும் பரவுகிற வாசம். நடுநடுவே இருவரும் சிரித்தார்கள்.

"அக்கா, இஞ்ச சரியான அமைதி. விசர் வருது" என்றார் அன்புராசா. "திரும்பவும் ஒரு சின்னக் கடை போடுவமோ?"

"போடுங்கோ. காலமை ஷிப்ற் எண்டா வாறன்."

"ஒரு கடையும் வேண்டாம்!" என்று அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி கத்தினார். "அந்தச் சூப்பை ஆற முதல் குடியுங்கோ."