அண்ணன் அறுத்த இழை

பெரிய காஞ்சிபுரத்தில் வேலாயுதத்தின் பட்டுத்தறியில் இழை அறுந்ததாக யாரும் சொன்னதில்லை. அவ்வளவு சுத்தமான கை. 1968-ஆம் ஆண்டு அதே கை வேண்டுமென்றே இழையை அறுத்தது.

தம்பி குமாரவேல் அமெரிக்காவில் படித்து, அங்கேயே தங்கி வேலை பார்க்க அனுமதியும் வாங்கியவன். அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வேலாயுதத்தின் நெஞ்சு நிமிரும். இப்போது அந்த நாடு அவனை வியட்நாம் சண்டைக்குக் கூப்பிட்டிருந்தது. அனுமதி வாங்கியவனும் போயாக வேண்டுமாம். போகுமுன் வீட்டைப் பார்க்க வந்தவன், "தறியில இருக்கற சேலையை முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பறேண்ணா" என்று உட்கார்ந்துவிட்டான்.

சேலை முடியக் கூடாது. வேலாயுதத்துக்கு வேறு வழி தோன்றவில்லை. கரைக்கு நூல் கொண்டு ஓடும் நாடாவை வீச, வழக்கமாகச் சிறுவர்கள் உட்காரும் பக்கத்தில் அவரே உட்கார்ந்தார். நகத்தால் இழையைத் தெறிப்பார். அறுந்ததைப் பிணைப்பதில் பொழுது போகும்.

"நீதானேண்ணா அறுக்கற?" என்றான் குமாரவேல், தலையைத் திருப்பாமல்.

"ஆமாண்டா. அவன் சண்டையில நீ எதுக்கு சாவணும்? அவனுக்கு நீ யாரு?"

"போன புதுசுல ஒரு ஓட்டல்ல, உன்னைமாதிரி ஆளுக்கு எடமில்லன்னு வெளிய அனுப்பிட்டாங்க. பனியில காய்ச்சலா கெடந்தப்போ, குடியிருந்த வீட்டம்மா மேரிதான் வாயில கஞ்சி ஊத்தினாங்க. தெருவே ஆளுக்கொரு கம்பளி கொண்டாந்து போட்டுது. அவங்க வீட்டுக்காரர் வேலை பாத்த ஆலையை மூடிட்டாங்க. அப்பவும் என்கிட்ட வாடகை கேக்கல."

"ரெண்டும் ஒரே ஊர்லயா?"

"ஒரே ஊருதாண்ணா. அந்தம்மா பையன் சண்டைக்குப் போயிட்டான். நான் இங்க ஒளிஞ்சிக்கினு இருந்தா, அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"சண்டை நியாயமாடா?"

"நியாயமில்லன்னு அங்கயே ஜனங்க ரோட்டுல நிக்கறாங்க. அவங்களும் என் ஆளுங்கதான்." நெய்வதை நிறுத்தினான். "எனக்கும் பயமாத்தான் இருக்குது."

வேலாயுதம் அறுந்த இழையை எடுத்து முறுக்கிப் பிணைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சண்டை நடக்கற நாடு எப்படி இருக்கும்?"

"நெல்லு வயலாம். நம்ம திருப்புட்குழி பக்கம்மாதிரி."

திருப்புட்குழியில் குனிந்து நாற்று நடுகிறவர்களை அவருக்குத் தெரியும். அவர்கள்மேல் தம்பி துப்பாக்கியை நீட்டுவதும், அவர்களில் ஒருவன் நிமிர்ந்து தம்பியைச் சுடுவதும் சேர்ந்தே கண்ணுக்குள் வந்தன.

"கால்பலகையை மிதி" என்று, இந்த முறை இழையைத் தெறிக்காமல் நாடாவை வீசினார். குறி தவறி அது குமாரவேலின் மடியில் போய் விழுந்தது. அவன் எடுத்துக் கொடுத்தான்.