பெரி கிராமத்தில் காய்ச்சிய பால்

1. துஷியும் நானும் ஆக்லாந்திலிருந்து தோஹா வழியாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தோம்.
2. பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தெற்கே, சாத்தோரூ. பெரி என்ற ஆட்டுப்பால் நாடு அங்கே தொடங்குகிறது.
3. துஷியின் அண்ணன் ரவி வேனில் வந்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார்.
4. மறுநாள் விடிகாலை துஷி பாலைக் காய்ச்சினாள்.

நான்காவதைத் தவிர எல்லாம் திட்டப்படி நடந்தன.

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் துஷியும் நானும் ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். அவள் யாழ்ப்பாணம், நான் கோவை. ரவி அண்ணா பாரிஸ் உணவகச் சமையலறையை விட்டு, அந்தக் கிராமத்தில் சில்வி அம்மையாரின் பண்ணையில் ஆடு பார்க்கிறார். ஊரில் ஒரு தேவாலயம், கோதுமை வயல்கள், வாரத்தில் இருமுறை வரும் ரொட்டி வேன். கடை என்று ஒன்றுமில்லை.

சில்விக்கு முழங்கால் வலி. பண்ணையைக் குத்தகைக்கு விட நினைக்கிறார். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து, ரவி அண்ணா தனியாகச் சீஸ் வார்ப்பதைப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாக இருந்தார்.

சனி, காலை ஐந்தரை. அடுப்பில் ஒரு பெரிய பானை. அதில் திரிந்துபோன பால்.

“இரவு முழுக்க வெளியில கிடந்தது அண்ணா. பழுதாப் போகுமெண்டு காய்ச்சிப்போட்டன்.”

“அடி விசரி! அது சீஸுக்கு உறை ஊத்தி வைச்ச பால்!”

“அப்ப ஏன் ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கேல்ல?”

“ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சா எப்பிடியடி உறையும்?”

“சரிண்ணா, டீயாவது போடட்டுமா?” என்றேன்.

“ஓம், போடுங்கோ. பால்தான் இல்லை.”

முதலில் சிரித்தவர் அவர்தான்.

“ஆடு தட்டிவிட்டதெண்டு சொல்லுங்கோ,” என்றாள் துஷி.

“ஆடு பாவம். நீ செய்ததுக்கு அது ஏன் பேச்சு வாங்கவேணும்?”

பத்து மணிக்கு வந்த சில்வியிடம் ரவி அண்ணா நடந்ததை அப்படியே சொன்னார். சில்வி பானைக்குள் எட்டிப் பார்த்தார், சிரிக்கவில்லை. பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ரவி அண்ணா குளிரறையிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்துவந்தார். அதில் முந்தைய தடவைச் சீஸிலிருந்து வடித்த தெளிநீர். நம் வீட்டில் தயிருக்கு எடுத்து வைக்கும் உறை மோர்போலத்தான். அது இருந்தால் மறுபடி தொடங்கலாம். என் மென்பொருள் வேலையில் இதற்கு பேக்கப் என்று பெயர்.

அன்று காலை கறந்த பாலில் அதை ஊற்றினார். சில்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரவி அண்ணா தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை பார்த்தார்.

ஞாயிறு காலை சில்வி மறுபடி வந்தார். தயிர் உடையாமல் நின்றது. ரவி அண்ணா கரண்டி கரண்டியாக அச்சுகளில் வார்த்தார். கடைசி அச்சு நிறைந்ததும் சில்வி கைநீட்டினார்.

“என்னவாம்?” என்று துஷி கிசுகிசுத்தாள்.

“தன்ர புருஷன் பால் பழுதானா ஆடுகளுக்குத்தான் ஏசுவாராம். நான் ஏசேல்லையாம். பண்ணை எனக்குத்தானாம்.”

நாங்கள் ஆக்லாந்து திரும்பிவிட்டோம். குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது. நவம்பரிலிருந்து பண்ணை ரவி அண்ணாவின் பொறுப்பு.