வெயில் இருக்கிறவரை கம்பியில் உயிர்

வடக்குத்து கிராமத்துத் துரைராஜின் மகள் சங்கீதா, அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். மின்பொறியியல் முடித்தபின் வேலைக்காக அலையாத இடமில்லை. கடைசியில், சுரங்கம் தோண்டி மூடிய மேட்டில் சோலார் பேனல் பதிக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சைட் இன்ஜினியர் ஆனாள். ஆனாலும் ஹெல்மெட் மாட்டும்போதெல்லாம், இது என் தலைக்குத்தானா என்று ஒரு சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகத்தைப் பெரிதாக்குவதுபோல் அப்பாவும் அதே சைட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். அங்கே கான்ட்ராக்ட் முடிந்திருந்தது. வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சைட்டிலோ அவளுக்குக் கீழே அவர். இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடாமலே நாளை ஓட்டினார்கள்.

ஒரு நாள் உச்சிவெயிலில், எலி கடித்த கேபிள் ஒன்றை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. சங்கீதா மீட்டர் எடுக்க வண்டிக்குப் போயிருந்தாள். துரைராஜ் சுரங்கத்துப் பழக்கப்படி ஸ்விட்சை இறக்கினார், பூட்டுப் போட்டார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெல்ட்டில் அதற்குப் பிறகு தாராளமாகக் கை வைக்கலாம். வெட்டும் குறடோடு பேனலுக்கு அடியில் குனிந்தார்.

திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு ஓடினாள். பெல்ட்டுக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது. ஸ்விட்சை இறக்கினால் நின்றுவிடும். இங்கே பேனலேதான் மின்சாரத்தை உண்டாக்குகிறது. வெயில் இருக்கிறவரை பேனலுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலுள்ள கம்பியில் உயிர் இருக்கும். அந்தக் கம்பியில்தான் அவர் குறடை வைக்கப் போகிறார். கூட வேலை செய்யும் கேங்கே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் அப்பாவை அதட்டுவதா?

"கைய எடு!"

'எடுங்க' என்றுகூட வரவில்லை.

துரைராஜ் விறைத்துப்போய் நிமிர்ந்தார். "பூட்டிட்டுதான குந்திகினு இருக்கேன்? எத்தினி வருசமா இந்த வேல பாக்கறேன்!"

"பெல்ட்டு வேற, இது வேறப்பா. மொதல்ல குறட கீழ வைங்க."

கையுறை மாட்டி, மீட்டரை வைத்துக் காட்டினாள். எண் தொள்ளாயிரம் வோல்ட்டைத் தாண்டி நின்றது.

"பெருசு, இன்னிக்கு வூட்ல ஒனக்கு சோறு கெடைக்குமா பாரு" என்றான் கேங்கில் இருந்த சிலம்பரசன். யாரும் சிரிக்கவில்லை. சங்கீதா பேனல்களின் இணைப்பைப் பிரித்து, மறுபடி சோதித்த பிறகே கேபிளை வெட்டவிட்டாள். துரைராஜ் குறடைத் துடைத்து வைத்துவிட்டு நகர்ந்தார். மாலையில் அவளுக்காகக் காத்திராமல் ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் அவள் ஸ்கூட்டி ஊர்ந்தது. மரியாதையாகச் சொல்லியிருக்கலாமோ? இனி எந்த முகத்தோடு அவருக்குச் சோறு போடுவது? வடக்குத்து திருப்பத்தில், குழந்தைவேல் டீக்கடையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"எம்பொண்ணு போட்ட சத்தத்துல மேட்டுல இருந்த கொக்கெல்லாம் பறந்துட்ச்சிடா!"

"பெத்த அப்பனையேவாண்ணே?" என்றார் குழந்தைவேல்.

"அப்பன்னு பாத்துகினு இருந்தா நான் இங்க டீ குடிச்சிகினு இருப்பனா? இன்ஜினியருடா அவ! பத்தாயிரம் வோல்ட்டு, மீட்டரே நடுங்குது!"

பத்தாயிரம் இல்லை என்று திருத்த அவள் வாயெடுத்தாள். அதற்குள் துரைராஜ் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, அவள் எப்படிக் கையை நீட்டிக் கத்தினாள் என்று நடித்துக் காட்ட ஆரம்பித்திருந்தார். சங்கீதா வண்டியை அணைத்து, புளியமரத்து ஓரமாக நின்று, முழுக்கக் கேட்டாள்.