ஜீப்பின் எண்ணெய்த் திருகி

என் மனைவி தன் தகப்பனை உயிரோடு பார்க்க முடியாமல் போனதற்கு ஒரு பழைய ஜீப்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பவிட்டேன். இப்போது ஜீப்பும் இல்லை, அவளும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் புது வாகனம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கனவு. துறைமுக அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்து எழுதுகிறவனுக்குப் பழையதுதான் கதி. மாமனார் வடக்கே திரியாய்க் கிராமத்தில் இருந்தார். மாரி தொடங்கினால் அந்த வீதி வெள்ளத்தில் கிடக்கும், பஸ் பாதியில் திரும்பிவிடும். "அப்பாவுக்கு ஏதும் எண்டால் மாரியிலயும் போகக்கூடிய வண்டி வேணும்" என்று மனைவி கேட்டாள். அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

சாம்பல்தீவில் வயல் கமம் செய்த அவள் தம்பியிடம் நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று நின்றது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் போய், பல கை மாறி அவனிடம் வந்தது. அதை வாங்கினேன்.

அப்படியொரு சனியனை நான் கண்டதில்லை. இடப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அலறும். சந்தியில் நின்றவர்கள் நான் அவர்களை வெருட்டுகிறேன் என்று எனக்கு ஏசுவார்கள். இரண்டாம் கியர் துள்ளித் துள்ளி வெளியே வரும். சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு துண்டை ஹோர்ன் வயருக்குச் சுற்றினேன். இன்னொரு துண்டால் கியர்த் தடியை ஆசனக் காலோடு இழுத்துக் கட்டினேன். விடுமுறை நாள் எல்லாம் அதன் அடியில் கிடந்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் மைத்துனனைத் திட்டினேன்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை அதன் குடி. பெற்றோல் விலைக்கு அந்நாளில் பலரும் செய்தது போல அவனும் ஜீப்பை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியிருந்தான். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் சூடானதும் எண்ணெய்க் குழாயில் இருந்த ஒரு திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றவேண்டும். மறந்துபோய் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் இலேசில் உயிர் வராது. திருகி இடப்பக்கம், பக்கத்தில் இருப்பவரின் காலடியில் இருந்தது. அதைத் திருப்புவது மனைவியின் வேலையாயிற்று. வீட்டுக்குக் கிட்ட வந்ததும் அவள் குனிவாள். ஒருநாளும் பிசகியதில்லை.

ஒருநாள் அலுவலக நண்பர்களை ஏற்றிக்கொண்டு உப்புவெளிக் கடற்கரைக்குப் போனேன். மணலுக்குள் இறக்கி, "இப்ப பாருங்கோ" என்று நாலு சக்கரத்துக்குமான தடியை இழுத்தேன். பின்சக்கரங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு புதைந்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். ஒருவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, இழுக்கிறது பின்னுக்கு ரெண்டும்தான். முன்னுக்கு ரெண்டும் மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் மாதிரி, சும்மா கூட வருகுது."

நண்பர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முன்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டே அங்கே இல்லை. நேரே சாம்பல்தீவுக்குப் போய், வேலியில் நின்று கத்தினேன்.

"கள்ளப் பயலே, என்னை ஏமாத்திப்போட்டாய்!"

"அத்தான், அண்டைக்கே சொன்னனான். எண்ணெய் குறையக் குடிக்கட்டும் எண்டு தண்டைக் கழட்டி வைச்சிருக்கிறன், மாரிக்கு முன்னம் வாங்கோ, பூட்டித் தாறன் எண்டு. நீங்கள் சாவியை வாங்கிக்கொண்டு அக்காவை ஏறு ஏறு எண்டு நிண்டியள்."

அவன் சொல்லியிருந்தான். அந்த வேலியடியிலேயே எனக்கு அது நினைவு வந்துவிட்டது. அதனால்தான் இன்னும் பலமாகக் கத்தினேன். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாரி வந்தது. தண்டு அவன் வீட்டிலேயே கிடந்தது.

ஒரு காலை திரியாயிலிருந்து தந்தி வந்தது. மாமனாருக்குச் சுகவீனம் கடுமை. மனைவி ஒரு உடுப்புப் பையோடு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, போற வழியில தம்பியிட்டை அந்தத் தண்டைப் பூட்டுவம். அங்கால வெள்ளம்."

"ஏலாது."

சாம்பல்தீவு நெருங்கியதும் அவள் வழக்கம்போலத் திருகிக்குக் குனிந்தாள். நான் நிற்பேன் என்று அப்போதும் நம்பினாள்.

"கையை எடு! இஞ்சை நிப்பாட்டுறதில்லை!"

அவள் கையை எடுத்தாள்.

சந்தியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தோளில் தண்டோடு அவள் தம்பி மழையில் நின்றான். அவனுக்கும் செய்தி வந்திருந்தது. என்னைத் தெரிந்தவன், ஆகையால் வீதியின் நடுவுக்கே வந்துவிட்டான். பிரேக் போட்டேன். ஆத்திரத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன், இறங்கி அவனைத் தின்பதற்கு.

நான் ஏச ஏச அவன் ஜீப்புக்கு அடியில் சேற்றில் படுத்துவிட்டான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏசுறதெண்டால் ஏசுங்கோ அத்தான். உள்ளுக்குக் கிடக்கிற ஸ்பானரை மட்டும் இஞ்சாலை தாங்கோ."

நான் கொடுக்கவில்லை. மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

தண்டு பூட்டியாயிற்று. இப்போது நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் எஞ்சின் பற்றவில்லை. உள்ளே நின்றது மண்ணெண்ணெய். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பிப் பற்றறியையும் கொன்றேன். காபரேற்றரைக் கழற்றித் துடைத்தேன். மழை அதற்குள்ளும் பெய்தது. மனைவி வீதியில் நனைந்துகொண்டு வடக்கே பார்த்தபடி நின்றாள். பொழுது சாயும்போது நெல் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டர் வந்தது. தம்பி அவளை அதன் பின்பெட்டியில் ஏற்றினான்.

"நீங்களும் வாங்கோ, அத்தான்."

"வண்டியை விட்டிட்டு வரேலாது."

அது பொய். ஜீப்பை யார் கொண்டுபோகப் போகிறார்கள்? அவனோடு ஒரே பெட்டியில் இருக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை வெயில் வந்ததும், வீதியால் போனவர்கள் தள்ளிவிட, ஜீப் பற்றியது. வெள்ளத்துக்குள் நாலு சக்கரமும் இழுத்து எருமை மாதிரிப் போனது. திரியாயில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்தான் மாமனாரின் மூச்சு நின்றதாம். கடைசிவரை மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"ஏன் பிள்ளை பிந்தினனி?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"நான்தான் திருகியைத் திருப்ப மறந்திட்டன், பெரியம்மா. ஜீப் நிண்டு போச்சு."

அவள் தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயில் வெற்றிலையைப் போட்டேன்.

என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாளா, தான் மறந்ததாக உண்மையிலேயே நம்பினாளா என்று கேட்க எனக்கு ஒருநாளும் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு ஜீப்பில் எங்கே போனாலும், வீடு எட்டத்தில் இருக்கும்போதே அவள் குனிந்து பெற்றோலுக்கு மாற்றிவிடுவாள். வரவர இன்னும் முந்தியே மாற்றினாள். திருகியில் வைத்த கையை ஜீப் நிற்கும்வரை எடுக்கமாட்டாள்.

"பெற்றோல் என்ன கிணத்துத் தண்ணியோ?" என்று அதற்கும் ஏசினேன்.