இந்த ரவுண்டு முடியட்டும்

காலையில பெரட்டுக் களத்துல வேலையாளுங்க பேரு கூப்பிடுறதுக்கு முன்னாடியே அமிர்தலிங்கம் வைய ஆரம்பிச்சிடுவாரு. "பெர்மிட் இல்லாதவன் எல்லாம் கப்பலேறணும். எங்க தாத்தன் காட்ட அழிச்சி உண்டாக்குன எஸ்டேட்டு லா இது." தமிழ்லதான் வைவாரு. எதிர நிக்கிறவன் பூராவும் இந்தோனேசியாக்காரன். ஒருத்தனுக்கும் வெளங்காது. வேலை வாங்குற மண்டோரு காலையில சாமி கும்பிடுறாருன்னு நெனச்சி மரியாதையா தலையக் குனிஞ்சி நிப்பானுங்க. வஞ்சி முடிச்சதும் அதே வாயால மலாய்ல ஆளுக்கு ரெண்டு நெரை மரம்னு பிரிச்சிக் குடுத்திடுவாரு.

ரந்தாவ் பக்கத்து செம்பனை எஸ்டேட்டுல மிச்சமிருக்கிற ஒரே தமிழ் மண்டோரு. பெத்த மகனே சுங்கை காடுட்ல ஏர்கோன் பேக்டரிக்குப் போறான். எஸ்டேட்டுக்கு வாடான்னா மட்டை முள்ளு குத்துதாம்.

"அவனுங்கள வெரட்டிட்டு நீங்க போயி பழம் வெட்டுவீங்களா? இடுப்பு புடிச்சா பாயவிட்டு எந்திரிக்காத மனுசன்"னு பொண்டாட்டி மாரியம்மா கேப்பா. அதுக்குன்னே நடுவுல ஒரு வழி வச்சிருக்காரு. கோப்பிக் கடையில ஒருத்தன் வெரட்டணும்பான், ஒருத்தன் பாவம்பான். ரெண்டு பேருக்கும் இவரு தீர்ப்பு ஒண்ணுதான்: "போவட்டும். இந்த ரவுண்டு வெட்டு முடிச்சிட்டுப் போவட்டும்." செம்பனை வருசம் பூராவும் காய்க்கிற மரம். கடைசி நெரைய வெட்டுறப்ப மொத நெரையில பழுத்துத் தொங்கும். ரவுண்டாவது, முடியறதாவது. தெரிஞ்சிதான் சொல்றாரு.

எச்சின்னா ஆவாது அவருக்கு. சொந்தப் போத்தல மட்டும்தான் வாய் வச்சிக் குடிப்பாரு. அடுத்தவங்களுதுன்னா அண்ணாந்து ஊத்திக்குவாரு, மாரியம்மாளுதா இருந்தாலும் சரி. முப்பது வருசம் ஒரே பாயில படுத்தவளுக்கு இந்த மரியாதை.

வெட்டுறவனுங்கள்ல யான்தோதான் கெட்டிக்காரன். ஏஜெண்டு பாஸ்போர்ட்ட வாங்கிட்டு ஓடிட்டான், பெர்மிட் கெடையாது. புடிபட்டா லோக்காப்பு, ரோத்தான் பெரம்படி, அப்புறம் கப்பல்.

போன வாரம் இமிகிரேசன் லாரி வந்து நின்னிச்சி. ஆபீசரு சசிதரன், சிரம்பான் பையன், நம்மாளு. வழி காட்டுங்க மண்டோருன்னான். அமிர்தலிங்கத்துக்கு மூஞ்செல்லாம் பல்லு. மோட்டார் சைக்கிள எடுத்து முன்னால போனாரு, நடக்குறவன் முந்திருவான் அந்த வேகத்துல. வளைவுக்கு வளைவு ஹோர்ன். எதுக்குன்னு கேட்டதுக்கு மாடு குறுக்க வரும்னாரு. அந்த எஸ்டேட்டுல மாடே கெடையாது.

நெரைக்குப் போனா ஒரு பய இல்ல. அருவா மாட்டுன கம்பு மரத்துல சாஞ்சி நிக்குது. அடியில பாதி குடிச்ச தே ஓ, பாலில்லாத தேத்தண்ணி போத்தல். கழிச்ச மட்டைக் குவியலுக்குப் பின்னால யான்தோவோட மஞ்ச பூட்ஸு லேசா அசைஞ்சிச்சி. அமிர்தலிங்கம் பாத்துட்டாரு. ஆபீசரு இன்னும் பாக்கல.

சசிதரன் போத்தலத் தொட்டுப் பாத்தான். சூடு ஆறல. "யாருது மண்டோரு?"

"என்னுதுதான் லா."

"அப்பக் குடிங்க. ஆறிடப் போவுது."

சொல்லிட்டு அவரு வாயையே பாத்துக்கிட்டு நின்னான். தன்னோட போத்தல எவனும் அண்ணாந்து குடிக்க மாட்டான்னு தமிழ் வீட்டுல வளந்தவனுக்குச் சொல்லியா தரணும்?

அமிர்தலிங்கம் மூடியத் தொறந்து போத்தல ஒசக்கத் தூக்குனாரு. தூக்குன கை அப்படியே நின்னிச்சி. மெதுவா எறக்கி, வாயில வச்சி, அடிவரைக்கும் உறிஞ்சிக் குடிச்சாரு. குடிச்சிட்டு ஒதட்ட நாக்கால தொடச்சிக்கிட்டாரு.