சாலமன் வைத்த கைநாட்டு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரரின் கொடி பறந்த காலம் அது. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தது. ஆரணி ஆறு வெறும் மணலாய்க் கிடந்தது. முகத்துவாரத்தை மண் அடைத்துக்கொள்ள, ஏரித் தண்ணீர் உப்பேறி மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. பிறகு மிதப்பதற்கும் மீன் இல்லை. காட்டூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களே கிழங்கு தோண்டித் தின்றார்கள் என்றால், ஏரிக்கரைக் குப்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியொரு குப்பத்தில் சாலமன் இருந்தான். முப்பத்தைந்து வயது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகும் சலங்குப் படகில் துடுப்புப் போடுகிறவன். அவன் அப்பன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். மனைவி ஜெசிந்தா, இரண்டு பெண் குழந்தைகள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போவான். உபதேசியார் மாணிக்கம் பத்துக் கட்டளைகளையும் சொல்லச் சொல்ல, சபையோடு சேர்ந்து அவனும் சொல்வான். கடைசிக் கட்டளைக்கு வரும்போது மட்டும் அவன் குரல் இறங்கிவிடும். அடுத்தவனுக்கு உள்ளதன்மேல் ஆசைப்படாதே என்கிற கட்டளை அது.

அவனுக்கு அடுத்த வீடு தருமனுடையது. தருமனுக்குச் சொந்தத் தோணி, சொந்த வலை. வீட்டில் மனைவி திரௌபதியும், கல்யாணமாகாத தங்கை காந்தாவும். நல்ல மனுஷன்தான். மீன்பாடு நன்றாக இருந்த நாட்களில் கேட்காமலே ஜெசிந்தாவின் கூடையில் இரண்டு மடவை மீன் விழும். அந்த மீனைத் தின்றுவிட்டுப் படுக்கும்போது சாலமன், அவனுக்கு மட்டும் தோணி எப்படி அமைந்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.

பஞ்சம் முற்றியபோது தரகர் சம்பந்தம் அவனைத் தேடி வந்தார். பசி தாளாமல் தங்களையே விற்றுக்கொள்ள வருகிறவர்களைச் சேர்த்துக் கப்பலேற்றுவது அவர் தொழில். ஆள் சம்மதித்துத்தான் வந்தான் என்று ஓலை எழுதி, அதில் இரண்டு பேர் சாட்சி வைக்க வேண்டும்.

"நீ வேதக்காரன். நீ ரெண்டு விரலத் தூக்கி ஆண்டவர் பேரால சொன்னா கோட்டைத் துரை ஒத்துக்குவாரு. தலைக்கு ஒரு படி அரிசி," என்றார்.

"இன்னா சொல்லணும்?"

"கண்ணால பாத்தத சொல்லு, போதும்."

முதல் தடவை சாலமன் நிஜமாகவே பார்த்தான். உள்நாட்டிலிருந்து வந்த நெசவுக்காரன் ஒருவனும் அவன் பெண்டாட்டியும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். "மனசாரத்தான் போறீங்களா?" என்று கேட்டான்.

"மனசு இன்னா மனசு? அங்க கஞ்சி ஊத்துவாங்களாமே," என்றான் அந்த ஆள்.

சாலமன் விரலைத் தூக்கினான். ஓலையில் கைநாட்டு வைத்தான். அன்று குழந்தைகள் விக்கல் எடுக்கும்வரை சோறு தின்றார்கள்.

"திரௌபதி மூணு நாளா அடுப்பு மூட்டல. ஒரு கை குடுத்துட்டு வந்துடவா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"நமக்கே நாளைக்கு இன்னான்னு தெரியல. சும்மா இரு."

அரிசி தீர்ந்துவிடும் என்கிற பயம் உண்டுதான். ஆனால் தோணி வைத்திருந்தவன் வீட்டில் புகையில்லை, தன் வீட்டில் புகை வருகிறது என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி இருந்தது. அதை அவன் அப்போதே அறிவான்.

நாளாக ஆகக் கேள்வி குறைந்தது. முகத்தைப் பார்த்துத் தலையசைத்தால் போதுமென்று ஆயிற்று. அப்புறம் அதுவும் இல்லை. ஆட்களை அடைத்து வைத்திருந்த சம்பந்தத்தின் கிட்டங்கி வாசலில் மூன்று நான்கு ஓலையைச் சேர்த்து நீட்டுவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமலே கைநாட்டு வைத்துவிட்டு அரிசியைத் துணியில் முடிந்துகொள்வான்.

ஆனி மாதத்தில் ஒருநாள், காட்டூர்ப் பக்கம் கீரை பறிக்கப் போன காந்தா திரும்பவில்லை. தருமன் பைத்தியம் பிடித்தவன்போல் அலைந்தான். ஒருநாள் முழுக்கச் சாலமனும் கூடப் போனான். வரப்பு வரப்பாக, கிணறு கிணறாகப் பார்த்தார்கள். "எங்கயாச்சும் சொந்தக்காரங்க வீட்ல இருக்கும், பயப்படாத தருமா," என்று தோளைத் தட்டிக்கொடுத்தான்.

ஐந்தாம் நாள் காலையில் கடற்கரையில் கப்பலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் கயிறு கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு சாலமன் அந்த வரிசையைக் கடந்து நடந்தான்.

"சாலமண்ணே!"

காந்தா. உதடு வெடித்திருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"அண்ணன் அனுப்ச்சுதா உன்ன? அனுப்பும்னு எனக்குத் தெரியும். நா ஒண்ணுத்துக்கும் ஒத்துக்கலண்ணே. வாயில துணிய அடச்சு இட்டுனு வந்துட்டாங்க. சொல்லுண்ணே, இவங்ககிட்ட சொல்லு."

சாலமன் துடுப்பைத் தோளிலிருந்து இறக்காமலே சம்பந்தத்திடம் ஓடினான். அவர் கோபப்படவில்லை. கட்டிலிருந்து ஓர் ஓலையை உருவிக் காட்டினார். "இது உன் கைநாட்டுதானே?"

கொட்டகையில் துரை, கப்பலேறும் ஆட்களின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துபாசி. சாலமன் மணலில் விழுந்து, காந்தா சம்மதித்து வரவில்லை என்று சொன்னான். துபாசி ஓலையை வாங்கிப் பார்த்தார்.

"நீதானே ஆண்டவர் பேரால சாட்சி சொன்னே?"

"ஆமாங்க ஐயா."

"இந்தப் பொண்ண பாத்துட்டுத்தானே?"

"பாக்கலீங்க."

"மத்தவங்கள?"

சாலமன் வரிசையில் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "மொதல்ல சில பேர பாத்தேன். அப்புறம் யாரையும் பாக்கலீங்க," என்றான்.

துபாசி உடனே அதை மொழிபெயர்க்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இத அப்டியே சொன்னா உன் முதுகுல தோலு இருக்காது. அந்தப் பொண்ணும் திரும்பி வராது. எழுந்து போய்டு."

"அப்டியே சொல்லுங்க ஐயா."

சொன்னார். துரை பதில் சொல்ல நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டவர் பேரால் பொய் சொன்னவன் இன்று சொல்வது மட்டும் எப்படி மெய்யாகும்? ஓலையில் இன்னொருவன் சாட்சியும் இருக்கிறது. ஓலை நிற்கும். பொய்ச்சாட்சிக்காரனுக்கு முப்பது கசையடி.

அவனைக் கம்பத்தில் கட்டினார்கள். அவன் துடுப்பை வேறொருவன் வாங்கிக்கொண்டான். சலங்கு அலையில் ஏறி இறங்கிப் போயிற்று. அதில் இருந்த காந்தா, என்ன நடக்கிறதென்று விளங்காதவளாய், அவன் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள், முதுகில் துணி ஒட்டியிருக்க, சாலமன் தருமன் வீட்டு வாசலில் போய் நின்றான். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஜெசிந்தா வேண்டாமென்று அழுதாள்.

எல்லாவற்றையும் சொன்னான். அரிசியைச் சொன்னான். தோணிமேல் இருந்த பொறாமையையும் சொன்னான். தருமன் அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தான், அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

தருமன் கேட்டது ஒன்றுதான். "ஒரு நாள் பூரா எங்கூட தேடினியேடா?"

அவ்வளவுதான். திரௌபதி படலைச் சாத்தினாள். அந்த மாதமே தோணியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இருவரும் பசியாவரம் தீவுக்குப் போய்விட்டார்கள்.

உபதேசியாரிடமும் சாலமன் அறிக்கை செய்தான். அவர் அவன் தலையில் கை வைத்து, "உண்மைய சொல்லிட்ட. ஆண்டவர் மன்னிப்பார்," என்றார்.

"எனக்கு மன்னிப்பு கெடைக்கும், ஐயா. காந்தாவுக்கு இன்னா கெடைக்கும்?"

மாணிக்கம் கையை எடுத்துக்கொண்டார்.

சம்பந்தம் வேறு சாட்சி பிடித்துக்கொண்டார். அதே சபையில் பின் வரிசையில் நிற்கிற சின்னதம்பி. சாலமன் அவனைக் கிட்டங்கி வழியில் மறித்துக் கெஞ்சினான். "வேணாம் தம்பி. வக்கிறதா இருந்தா உள்ள போய் மூஞ்சிய பாத்துட்டாவது வையி."

"பாத்தா வக்க முடியாதேண்ணா," என்றான் சின்னதம்பி. "ஊட்ல நாலு பேரு பட்டினி. உன்னால ஒரு படி அரிசி தர முடியுமா?"

சாலமனிடம் அரிசி இல்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றான். அந்த ஆடியில் அவனுடைய சின்ன மகள் காய்ச்சலில் போனாள். காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. முகத்துவாரம் உடைத்துக்கொண்டது, மீனும் வந்தது. போனவர்கள் வரவில்லை. சாலமனைப் படகில் சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல், விறகு சுமந்து பிழைத்தான். ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும் பத்தாவியாவிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் கரைக்குப் போய், இறங்குகிற மாலுமிகளிடம் கேட்பான்: காந்தா என்று ஒரு பெண், உயரமாக இருப்பாள், பழவேற்காட்டுப் பக்கம், பார்த்தீர்களா?

அங்கே இறங்கியதுமே எல்லோருக்கும் வேறு பெயர் வைத்துவிடுவார்கள் என்று ஒரு மாலுமி அவனுக்குச் சொன்னான். இன்ன பெயர் என்று தெரிந்தால் விசாரிக்கலாம், தெரியாவிட்டால் எப்படி? சாலமன் தலையை ஆட்டிக்கொண்டான். அடுத்த கப்பல் வந்தபோதும் போய்க் காந்தா என்றே கேட்டான். அவனுக்கு வேறு பெயர் தெரியாது.